அப்பாசாமி மண் கலக்கிய கதை

கொல்லிமலையில் நிலத்தைப் பாகத்தில் வாங்கியவர்கள் உண்டு, காட்டைத் திருத்தி உழுதவர்கள் உண்டு. பாறையின் மேல் மண்ணைக் கொட்டி நிலம் செய்தவர் வாழவந்தி நாட்டிலேயே ஒருத்தர்தான். அவர் அப்பாசாமி. சந்தேகம் இருப்பவர்கள் சோளக்காட்டுச் சந்தையில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஏனென்றால் அப்பாசாமி அவர்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.

அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது மூத்தவர்களுக்கு ஓடைக்கரை வயல் போய்விட்டது. கடைக்குட்டியான அப்பாசாமிக்கு மிஞ்சியது எதிர்க்கரை மேட்டில் ஒரு பாறைச் சரிவு. ஆடுகூட அங்கே கால் ஊன்றி மேயாது. படிப்போ ரெண்டாங்கிளாஸ்; அதுவும் வாத்தியார் மலையேறி வந்த நாட்களில் மட்டும். மிளகுத் தோட்டங்களில் மூட்டை தூக்கினார். பலாப்பழம் சுமந்து ரோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒவ்வொரு மழை ஓய்ந்ததும் ஓடையில் ஒதுங்கிய வண்டலைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். அந்த ஓடையில் நண்டு ஓடிய காலம் அது. கல்லை அடுக்கி வரப்பு கட்டி, வண்டலைக் கொட்டி, படிப்படியாக நிலத்தை எழுப்பினார். இன்று அங்கே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறி நிற்கிறது, மர நிழலில் காப்பி காய்க்கிறது, கீழ்ப்படிகளில் சாமையும் குச்சிக்கிழங்கும் விளைகிறது. கவர்மெண்டு உதவி ஒரு பைசா கிடையாது. இரண்டு கையும் ஒரு தலையும்தான்.

"இது எங்கப்பன் குடுத்த நெலமில்லீங்க. நான் பெத்த நெலம்" என்பார்.

"அப்ப நான் பெத்ததெல்லாம் என்னதுங்க?" என்று உள்ளேயிருந்து கேட்பாள் அவர் மனைவி பாவாயி. அவர் எழுப்பிய படிகளில் பாதி மண் பாவாயியின் தலையில் ஏறியதுதான். அப்பாசாமி கதை சொல்லும்போது அந்தக் கூடைகள் வராது. பாவாயி சொல்லும்போது வரும்.

ஊருக்கு மேலே, ஓடை பிறக்கும் இடத்தில், அந்தக் காலத்தில் அலுமினியக் கல் வெட்டியெடுத்த பெரிய குழி ஒன்று மூடாமல் கிடந்தது. சில வருடங்களுக்கு முன்னால் கீழேயிருந்து லாரிகள் வந்தன. குழியை மூடித் தருகிறோம் என்றார்கள். ஆடு மாடு விழுகிற குழி, மூடினால் நல்லதுதானே என்று ஊரும் இருந்துவிட்டது. அவர்கள் கொட்டியது மண் இல்லை. கருப்புக் கட்டி, சாம்பல், உடைந்த பிளாஸ்டிக் ஓடு. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கியபின் மிஞ்சுகிற கழிவு அது என்று பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் இரண்டு மழைக்காலம் அதைக் கழுவி ஓடையில் இறக்கிவிட்டது.

முதலில் நண்டு போனது. பிறகு குழிக்கு நேர் கீழே ஓடைக்கரையில் தனியாளாகப் பாடுபடுகிற மாரியின் நிலத்தில் சாமை முழங்கால் உயரத்திலேயே மஞ்சளாகி நின்றுவிட்டது. அவளுடைய ஆடுகள் இரண்டு, நுரை தள்ளி ஒரே நாளில் சாய்ந்தன. ஊர் கூடிக்கூடிப் பேசியது. சாமி குற்றம் என்றார்கள், பூச்சி மருந்து என்றார்கள். அப்பாசாமி பேசவில்லை. குழிக்குப் போய் ஒரு கருப்புக் கட்டியை எடுத்துத் துண்டில் முடிந்தார், முதல் பஸ்ஸில் ஏறினார், நாமக்கல் கலெக்டர் ஆபீசில் மனுநாளில் போய் மேசை மேல் வைத்தார்.

"ஐயா, அதைக் கையில தொடாதீங்க!" என்று அங்கிருந்த ஒருத்தர் பதறி எழுந்தார்.

"மடியில வெச்சுக்கிட்டு எழுவது வளைவும் எறங்கி வந்திருக்கேனுங்க. இப்ப வந்து தொடாதேங்கறீங்க" என்றார் அப்பாசாமி.

அந்த ஒரு வார்த்தையில் ஆபீசே அசந்து போனதாக அவர் சொல்லுவார். அசந்ததோ இல்லையோ, ஆள் வந்தது. அந்த மலையில் அதுவரை எத்தனை பேர் மனு எழுதிக் கொடுத்து மனு மக்கிப் போயிருக்கிறது! அப்பாசாமி எழுதத் தெரியாமல் கல்லைக் கொண்டுபோனார், ஜீப் வந்தது.

ஜீப்பில் வந்த ஆபீசர் அம்மாள் பெயர் கிருஷ்ணகுமாரி. கீழ்நாட்டுக்காரர், செம்மேட்டில் வேலைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. வளைவு சுற்றி வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே இறங்கினார். குழியைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், மாரியின் நிலத்தில் மஞ்சளாகி நின்ற சாமையைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பிறகு பள்ளிக்கூடத்து முன்னால் ஊரைக் கூட்டி, வீட்டுக்கு வீடு பை கொடுத்தார்.

"உங்க நெலம் எங்களைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். அதனால மண்ணை நீங்களே எடுக்கணும். ஒரு நெலத்துல நாலஞ்சு எடத்துல ஒரு சாண் ஆழம் தோண்டி எடுத்து, ஒரு வாளியில போட்டுக் கலக்கி, அதுல ரெண்டு கை அள்ளிப் பையில கட்டுங்க. பை மேல உங்க பேரு. நான் வந்து வாங்கிட்டுப் போறேன்."

ஊர் அதை ஒழுங்காகவே செய்தது. தங்கள் மண்ணைத் தாங்களே எடுத்துக் கொடுப்பது என்றால் பெருமைதானே! அப்பாசாமி ஒவ்வொரு படியிலும் தோண்டினார். குழி ஓரத்து மண்ணையும் தனியாக ஒரு பையில் கட்டினார்கள். எல்லாப் பையும் பெருமாள் கோயில் முன்னால் வந்து சேர்ந்தது.

இங்கே அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விதைப்புக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு படி விதை கோயிலுக்கு வரும். ஊர்க்கவுண்டர் அத்தனையையும் ஒரே பாயில் கொட்டிக் கலக்குவார். கலந்த விதையில் அவரவர் பங்கை அள்ளிக்கொண்டு போய்த்தான் முதல் ஏர் பூட்டுவார்கள். ஒரு வீட்டு விதை முளைத்தது, ஒரு வீட்டு விதை சொத்தை என்று பேச்சு வரக்கூடாது. சாமி கோபித்தாலும் எல்லாரையும் சேர்த்துத்தான் கோபிக்க வேண்டும். ஒரு வீட்டைத் தனியாகப் பிடிக்கக் கூடாது.

ஊர்க்கவுண்டர் கருப்பண்ணன் வரிசையாக நின்ற பைகளைப் பார்த்தார்.

"வெதையவே தனித்தனியா உடறதில்ல. மண்ணு மட்டும் தனித்தனியாப் போலாமா? கவர்மெண்டு பாக்கறப்ப ஒவ்வொரு ஊடும் ஒத்தையாப் போயி நிக்கறதா?"

"அந்த அம்மிணியே வாளியில போட்டுக் கலக்கச் சொல்லுச்சே" என்றார் ஒருத்தர்.

"பாத்தீங்களா! படிச்சவங்களுக்கும் நம்ம மொறை தெரிஞ்சிருக்குது" என்றார் அப்பாசாமி.

ஆபீசரை ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று கலக்குகிற மரியாதையை அவருக்கே கொடுத்தார்கள். முழங்கை வரை விட்டுக் கலக்கினார். அவருடைய செம்மண்ணும் மாரியின் கருத்த மண்ணும் குழி ஓரத்துச் சாம்பலும் ஒரே நிறமாயின. அவரவர் பெயர் போட்ட பையில் கலந்த மண்ணை நிரப்பிக் கட்டி, தேங்காய் உடைத்து, மறுநாள் ஜீப்பில் ஏற்றினார்கள். கலக்கியதை யாரும் ஆபீசரிடம் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மாதம் ஒன்று போனபின் கிருஷ்ணகுமாரி வந்தார். எலுமிச்சம்பழம் கையில் இருந்தது, மோந்து பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே பாவாயி, "ஏதோ சரியில்லீங்க" என்று புருஷன் காதில் சொன்னாள்.

"எல்லாப் பையிலயும் ஈயம் அளவுக்கு மேல இருக்குங்க" என்றார் ஆபீசர். "ஒரு நெலம்கூடத் தப்பலை. இந்த ஊர்ல தின்னுற பயிர் எதையும் இனி வெக்க வேண்டாம்னு மேல இருந்து சொல்றாங்க. சுத்தம் பண்ணணும்னா எல்லா நெலத்துலயும் மேல ஒரு சாண் மண்ணை வழிச்சு எடுக்கணும்."

ஒரு சாண் மண்ணை வழித்தால் ஓடைக்கரை வயலில் அடியில் இன்னும் மண் இருக்கும். அப்பாசாமியின் படிகளில் பல இடத்தில் பாறைதான் இருக்கும். முப்பது வருடத்துக் கூடைகளும் லாரியில் ஏறிக் கீழே போய்விடும்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஊர் சத்தம் போட்டது.

"கலெக்டர் மேசையில கல்லு வெச்சேன், கல்லு வெச்சேன்னியே! இப்ப எங்க தலையில வெச்சுட்டே பாரு!"

"செத்தது ரெண்டு ஆடு. இவரு ஊரையே சேத்துப் படுக்க வெச்சுட்டாரு."

"உன்னைய யாரு பஸ் ஏறச் சொன்னது, பங்காளி?" என்று கருப்பண்ணன் மெதுவாகத்தான் கேட்டார். அதுதான் அதிகம் சுட்டது.

வீட்டுக்கு வந்து அப்பாசாமி சோற்றில் கை வைக்கவில்லை. பாவாயி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

"ஏறாது."

"ஓடை கீழே. நம்ம நெலம் இந்தக் கரையில மேலே. அப்பறம் எப்படிங்க நம்ம படியில வெஷம் வந்துச்சு? ஊர்ல இருக்கற அத்தனை பேருகிட்டயும் வாயாடுறீங்க, இதைப் போயி அந்த அம்மிணிகிட்டக் கேக்க மாட்டீங்களா?"

விடிந்ததும் செம்மேட்டு ஆபீசில் நின்றார் அப்பாசாமி. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கிருஷ்ணகுமாரி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்கும் தூக்கம் வரலீங்க ஐயா. காத்துல பறந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா குழி ஓரத்துலயும் உங்க மேட்டுலயும் எப்படி ஒரே அளவு இருக்கும்? வாங்க, நான் வாரேன். அன்னைக்கு மண்ணை எப்படி எடுத்தீங்களோ, அதே மாதிரி மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் எனக்குச் செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டு என்றால் அப்பாசாமிக்குப் பழைய தெம்பு வந்துவிடும். மேல் படியில் புல்லைச் செதுக்கினார், சாண் ஆழம் தோண்டினார். "இந்தச் சாண் என் சாணுங்க, உங்க சாண் இல்லை, அதனால ஆழம் கூடத்தான் இருக்கும்" என்றார். படிப்படியாக இறங்கி எடுத்து, வாளியில் கலக்கி, பையில் கட்டினார். ஒரு குறை சொல்ல முடியாத வேலை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கி நடந்தார்.

"ஐயா, ஜீப் அந்தப் பக்கம் நிக்குது."

"தெரியுமுங்க. கோயிலுக்குப் போயிட்டு வந்தர்றேன்."

"கோயிலுக்கு எதுக்குங்க?"

"கலக்க வேண்டாமுங்களா?"

"எதைக் கலக்கணும்?"

"என்ன அம்மிணி, தெரியாத மாதிரிக் கேக்கறீங்க. ஊரு மண்ணு மொத்தத்தையுந்தான். பாயில கொட்டி நானே கலக்கினேனுங்க. இந்தக் கையிலதான். அப்பறம் அவங்கவங்க பையில போட்டுக் குடுத்தோம்."

கிருஷ்ணகுமாரி அப்படியே கல்வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து துப்பட்டாவால் துடைத்துக்கொண்டார்.

"இதை ஏனுங்க அன்னைக்கே சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே. சோத்துக்கு முன்னால கை கழுவுனோம்னு யாராச்சும் போயிச் சொல்லுவாங்களா?"

"ஐயா, நான் ஒரு நெலத்து மண்ணை அந்த நெலத்தோடதான் கலக்கச் சொன்னேன். ஊரையே கலக்கிட்டா எல்லாருக்கும் ஒரே அளவுதான் வரும். குழியில இருக்கற வெஷம் எல்லார் பையிலயும் ஏறிடுச்சு."

அப்பாசாமிக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. விளங்கியதும் தோளிலிருந்த பையை இறக்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் நெலம் கெடலீங்களா?"

"எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒவ்வொரு மண்ணையும் தனியாப் பாத்தாத்தான் தெரியும்."

தனியாக என்ற வார்த்தைதான் அன்று சாயங்காலம் கோயில் முன்னால் சிக்கிக்கொண்டது.

"முடியாது" என்றார் கருப்பண்ணன். "தனியாப் பாத்தா ஒரு ஊடு மாட்டும். அது எந்த ஊடுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். கலக்கறதே அதுக்குத்தான், அப்படி ஒரு ஊடு மாட்டக் கூடாதுன்னுதான்."

யாரும் மாரியைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் பார்க்காமல் இருந்ததே அவளைச் சுட்டிக் காட்டியது. அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிலம் தப்ப வேண்டும் என்றால் மாரி தனியாக நிற்க வேண்டும். அதை அவர் வாயால் கேட்க அவருக்கே நா எழவில்லை. பேச்சில் அவரை வென்றவர் அந்த நாட்டில் கிடையாது. அன்று அவர் ஊமையாக உட்கார்ந்திருந்தார்.

மாரி எழுந்தாள்.

"எல்லாரும் தரையவே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? என் நெலம் கெட்டது ஆட்டுக்குக்கூடத் தெரிஞ்சுது, செத்துக் காமிச்சுட்டுப் போச்சு. என்னைய மறைக்கறதுக்கு ஊரே வெஷத்தைப் பூசிக்குமா? மண்ணைத் தனியாவே அனுப்புங்க. அனுப்பிப்போட்டு என்னையத் தனியா உட்டுட்டுப் போயிராதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது."

அப்பாசாமிக்கு அப்போது நாக்கு திரும்பியது.

"என் கீழ்ப்படி ரெண்டும் மாரிக்கு. அவ நெலம் தேறுற வரைக்கும் சாமை வெதைச்சுத் தின்னட்டும்."

"உன் நெலம் மொதல்ல தேறட்டும், பங்காளி" என்றார் கருப்பண்ணன்.

"தேறும்" என்றார். குரல் பெரிதாகத்தான் இருந்தது. துண்டு நுனியை அவர் முறுக்கிக்கொண்டே இருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவாயி மட்டும் பார்த்தாள்.

"அந்தப் படியில என் கூடையும் இருக்குதுங்க. என்னையக் கேட்டீங்களா?" என்றாள்.

ஊர் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"இப்பக் கேக்கறேன்."

"குடுங்க" என்றாள் பாவாயி. "பேசினது போதும். மாரி நெலத்துக்கு யாரு யாரு மம்பட்டி எடுத்துக்கிட்டு வாரீங்க, அதைச் சொல்லுங்க."

கருப்பண்ணன் கோயில் வாசலைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு மண் தனியாகப் போகட்டும் என்று தலையை ஆட்டினார். தேங்காயை மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே உடைத்தார்.

இரண்டாவது முடிவு வரும் வரைக்கும் அப்பாசாமி சந்தைக்குப் போகவில்லை. மேல்படியில் நின்று ரோட்டைப் பார்ப்பார். ஜீப் சத்தம் கேட்டால் இறங்கி வருவார். காய்கறி வண்டியாக இருக்கும், திரும்ப ஏறுவார். கடைசியில் ஜீப் வந்தபோது அவர் காப்பிச் செடிக்குள் குனிந்திருந்தார். கிருஷ்ணகுமாரி ரோட்டிலிருந்தே கூப்பிட்டார்.

"ஐயா! உங்க நெலம் சுத்தமா இருக்குங்க!"

"எல்லாப் படியுங்களா?"

"எல்லாப் படியும்!"

அப்பாசாமி இறங்கி வந்தார். ஏதாவது சொல்லப் போகிறார் என்று எல்லாரும் நின்றார்கள். அவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"இவரு வாயை அடைக்க ஈயத்தைத்தான் காய்ச்சி ஊத்தணும்னு நெனச்சிருந்தேன்" என்றாள் பாவாயி. "ஈயம் இல்லைன்னு சொன்னாலே போதும் போல!" அவளும் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

கெட்டுப் போனது குழியும், ஓடைக்கரையில் ஒரு கீற்றும், மாரியின் நிலமும்தான். மாரி நிலத்திலும் மேல் பாதிதான் மோசம். மற்ற ஊர் மொத்தமும் தப்பியது. மாரியும் ஒரு பெருமூச்சு விட்டாள். மொத்தமும் போய்விட்டது என்று இருந்தவளுக்குக் கீழ்ப்பாதி மிஞ்சியது பெரிது.

சுத்தம் செய்யும் வேலை அந்தக் கோடையில் நடந்தது. குழிக் கழிவை அள்ள முகமூடி போட்ட ஆட்கள் கீழேயிருந்து வந்தார்கள். மாரி நிலத்தை ஊரே வழித்தது. வீட்டுக்கு ஒரு ஆள். பெரிய சங்கடம் பூட்ஸில் வந்தது. அந்த ஊரில் உழுகிற நிலத்தில் செருப்போடு யாரும் கால் வைத்ததில்லை. பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது என்று ஆபீசர் கறாராகச் சொல்லிவிட்டார். கருப்பண்ணன் வரப்பில் நின்று நிலத்தைக் கும்பிட்டு, "மன்னிச்சுக்க தாயி, உன் நல்லதுக்குத்தான்" என்று முதலில் இறங்கினார். அதன்பின் எல்லாரும் இறங்கி, புதிதாய்ப் பிறந்த கன்று மாதிரிக் காலை அகட்டி அகட்டி நடந்தார்கள். அப்பாசாமி நடந்த அழகைப் பார்த்து மாரியே சிரித்துவிட்டாள். ஆடு செத்த பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்திருக்கவில்லை.

வழித்த மண்ணைச் சாக்கில் கட்டி, கழிவோடு சேர்த்து, கீழே இதற்கென்று கட்டிய இடத்துக்கு லாரிகள் கொண்டுபோயின. கடைசி லாரி கிளம்பும்போது அப்பாசாமி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எங்கீங்க வாரீங்க?" என்றார் டிரைவர்.

"நீ பாட்டுக்கு நாலு வளைவு எறங்கி எங்காச்சும் கொட்டிட்டுப் போயிட்டீன்னா? இது மலையை உட்டு எறங்கறதை என் கண்ணால பாக்கணும். ஓட்டு சாமி."

லாரி வளைவு வளைவாக ஊர்ந்து இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அப்பாசாமி திரும்பித் தார்பாயைப் பார்த்துக்கொண்டார். காரவள்ளியில், மலை முடிந்து சமதரை தொடங்குகிற இடத்தில், இறங்கி நின்றார். லாரி நாமக்கல் பக்கம் திரும்பித் தூசியில் மறைகிற வரை நின்றார். டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

"போயிருச்சுங்களா?" என்றாள் பாவாயி.

"போயிருச்சு. எறங்கிப் போனதை என் கண்ணால பாத்துட்டேன்."

"டீக்கடையில நிக்கறீங்களா?"

"ஆமா."

"அங்க இருக்கறவங்களுக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சாச்சா?"

அப்பாசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அவர் யார் என்று தெரியாது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு இவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் இல்லை."

"சொல்லிட்டே வாங்க. கடைசி பஸ்ஸை மட்டும் உட்டுறாதீங்க. மாரி சாமைச் சோறு ஆக்கிக் கொண்டாந்திருக்கறா. உங்களுக்காகத்தான் எல்லாரும் உக்காந்திருக்கறோம்."